தாயக்கட்டையும் சுளகும்: ஒரு கதையாட்டம் ஒழுங்குக்கு வந்த விதம்

கடந்த ஞாயிற்றுக்கிழமை இரவு, ஒன்பதாவது அமர்வில்தான், ஏழு மாதமாகத் தட்டிக்கொட்டிக்கொண்டிருந்த எங்கள் கதையாட்டம் முதல்முறையாக நான் நினைத்தபடி நடந்தது. நினைத்தபடி என்றால், நான் எழுதிவைத்த வழியில் கதை போயிற்று என்று பொருளல்ல. ஆடியவர் ஒருவர், எதைக் கொடுத்து எதைப் பெறப்போகிறோம் என்று தெரிந்துகொண்டு, கொஞ்ச நேரம் தயங்கி, பிறகு ஒன்றைக் கொடுத்தார். அந்தத் தயக்கத்தை வரவழைப்பதற்காகத்தான் இருபது முகப் பகடையில் தொடங்கி, பித்தளைத் தாயக்கட்டையை அரத்தால் தேய்ப்பது வரை போகவேண்டியிருந்தது. எங்கெங்கே சறுக்கினேன் என்பது மறந்துபோவதற்குள் எழுதிவைக்கிறேன்.

கதையாட்டம் என்று நான் சொல்வது, ஒருவர் கதைசொல்லியாக இருந்து இடத்தையும் ஆபத்தையும் விவரிக்க, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று ‘நான் இதைச் செய்கிறேன்’ என்று சொல்ல, முடிவு சந்தேகமாக இருக்கும் இடத்தில் மட்டும் பகடையை உருட்டித் தீர்த்துக்கொள்ளும் ஆட்டம். 1974-இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இரு அமெரிக்கர்கள் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இந்த வகைக்கு வழி திறந்தது. அதன் விதிகளை நான் நாலைந்து வருடமாகப் படித்துவந்தாலும், ஆடுவதற்கு ஆள் கிடைத்தது இந்த ஆண்டில்தான். இடம், நாகமலைப் புதுக்கோட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடி. ஆடுபவர்கள் நால்வர்: 66 வயதான என் அத்தை, பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகன், எதிர்வீட்டு ஆசிரியை, நான் கணக்கு எழுதும் இரும்புக் கடையில் உடன் வேலை பார்க்கும் நண்பர். மாடியிலிருந்து பார்த்தால் நாகமலை நீளமாகப் படுத்துக் கிடப்பது தெரியும் என்பதால், கதைக்களத்தைத் தேடி வெகுதூரம் போகவில்லை. மலையடிவாரத்து ஊர் ஒன்றின் இரவுக் காவலர்கள் என்று பாத்திரங்களை வைத்துக்கொண்டேன். மாடு களவுபோகும், மலையில் பூதம் இருக்கும், விடிவதற்குள் திரும்பவேண்டும். அவ்வளவுதான்.

முதல் இரண்டு அமர்வுகளுக்கு, இணையத்தில் 349 ரூபாய் கொடுத்து வாங்கிய ஏழு பகடைகள் கொண்ட தொகுதியைப் பயன்படுத்தினேன். விதி எளிது: இருபது முகப் பகடையில் விழும் எண்ணோடு பாத்திரத்தின் திறனைக் கூட்டி 15 வந்தால் வெற்றி. கடை நண்பரின் பாத்திரம் தடம் பார்ப்பதில் கைதேர்ந்தவன், திறன் 5. ஆகவே 10 அல்லது அதற்குமேல் விழுந்தால் போதும், வெற்றிக்கு 55 விழுக்காடு வாய்ப்பு. முதல் நாள் இரவிலேயே அவருக்கு நான்கு முறை தொடர்ந்து குறைந்த எண் விழுந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் நூற்றுக்கு நான்கு தடவை நடக்கக்கூடிய துரதிருஷ்டம் அது. ஆனால் ஊரிலேயே சிறந்த தடம்பார்ப்பவன் எருமைக் குளம்பையும் நாயின் பாதத்தையும் பிரித்தறிய முடியாமல் நின்றபோது, மாடியில் சிரிப்புதான் வந்தது, கதை வரவில்லை. இருபது முகங்களும் ஒரே அளவில் விழக்கூடிய பகடையில் கைதேர்ந்தவனுக்கும் கற்றுக்குட்டிக்கும் இடையிலான தூரம் கண்ணுக்குத் தெரிவதில்லை. போதாக்குறைக்கு அந்தச் சின்ன முகத்தில் பொறித்த எண்ணை அத்தையால் படிக்க முடியவில்லை; இரண்டாம் அமர்வில் எட்டு முகப் பகடை மாடித் தண்ணீர்க் குழாய் வழியாகப் போய்விட்டது.

அந்த இரண்டாம் அமர்வில்தான் இன்னொரு தவறும் செய்தேன். பகடையை ஒரு கோப்பு அட்டையின் மறைவில் உருட்டிக்கொண்டிருந்தேன். அக்கா மகனின் பாத்திரம் சாகும்படி ஓர் எண் விழுந்தது. பையன் முகத்தைப் பார்த்துவிட்டு, 17-ஐ 7 என்று சொல்லிவிட்டேன். தண்ணீர் குடிக்க எழுந்தவன் பின்னாலிருந்து அதைப் பார்த்திருக்கிறான். அன்று ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த அமர்வில், நான் அவனைச் சாகவிடமாட்டேன் என்ற நிச்சயத்தோடு, பாறை விளிம்பிலிருந்து குதிப்பது, பூதத்தின் வாலைப் பிடிப்பது என்று கோமாளித்தனமாக ஆடத் தொடங்கினான். அவனைத் திட்டிப் பயனில்லை. காப்பாற்றுகிறேன் என்று நினைத்து, அவன் செய்யும் எதற்கும் விலையில்லாமல் ஆக்கியது நான்தான். அன்றிலிருந்து எல்லா உருட்டலும் நடுவில், எல்லோர் கண்முன்பும்.

வேறு பகடை வேண்டும் என்று நின்றபோது, கீழடி அகழாய்வில் பகடையும் ஆட்டக்காய்களும் கிடைத்ததைப் பற்றிப் பள்ளியில் கேட்டுவந்த அக்கா மகன், ‘நம்ம ஊர்ல இல்லாததா மாமா?’ என்றான். அத்தை உடனே தாயக்கட்டை என்றார். மீனாட்சியம்மன் கோயில் பக்கத்துப் பாத்திரக் கடை ஒன்றில் 180 ரூபாய்க்கு ஒரு ஜோடி பித்தளைக் கட்டை வாங்கினேன். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் நீளம், நான்கு முகம், ஒன்று வெறுமை, மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள்.

தாளில் நாலுக்கு நாலு கட்டம் போட்டு எண்ணினேன். மொத்தம் 16 விதமாக விழலாம். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. அது ஒரே விதம். ஆறும் ஒரே விதம். தாயமும் (அதாவது ஒன்றும்) ஐந்தும் இரண்டிரண்டு விதம். இரண்டும் நான்கும் மும்மூன்று. மூன்று மட்டும் நான்கு விதம். நடுவில் குவிந்து ஓரத்தில் மெலியும் இந்த அமைப்பு எனக்குப் பிடித்துப்போயிற்று. அந்த மகிழ்ச்சியில் பழைய விதியையே இதிலும் ஒட்டவைத்தேன்: விழுந்ததோடு திறனைக் கூட்டு, 4 வந்தால் வெற்றி.

இது படுதோல்வி. திறன் இல்லாதவனுக்கு 16-இல் 7, அதாவது 44 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. ஒரு புள்ளி திறன் சேர்ந்தால் 16-இல் 11. இரண்டு சேர்ந்தால் 14. மூன்று சேர்ந்தால் பதினாறும் வெற்றி. இருபது முகப் பகடையில் மூன்று புள்ளி என்பது வெறும் 15 விழுக்காட்டு உதவி. இங்கே அதே மூன்று புள்ளி ஆளைத் தோல்வியே அறியாதவனாக ஆக்கிவிடுகிறது. எண்ணின் வீச்சு குறுகிய பகடையில் கூட்டல் விதி ஒத்துவராது என்பதை, கட்டம் போட்ட அன்றே கவனித்திருக்கவேண்டும்.

அதைவிடப் பெரிய பிழை ஒன்றை அத்தைதான் காட்டினார். மூன்றாம் அமர்வில் அவர் உருட்டியபோது ஒரு கட்டை வெறுமையாகவும் ஒரு கட்டை ஒற்றைப் புள்ளியாகவும் விழுந்தது. ‘தாயம்!’ என்று கைதட்டினார். ஆசிரியையும் கைதட்டினார். நான், ஒன்றுதான் விழுந்திருக்கிறது, ஆகவே உங்கள் பாத்திரம் கிணற்றில் விழுந்துவிட்டது என்றேன். மாடியில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. ‘தாயம் விழுந்தா தோல்வியா? எந்த ஊர்லப்பா இருக்க?’ என்றார் அத்தை. தாயம் விழாமல் காயை இறக்கவே முடியாது என்று பிள்ளைப்பருவம் முழுக்கக் காத்திருந்தவர்களிடம், சிறிய எண் என்பதால் அது கெட்டது என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? கட்டைக்கென்று ஏற்கனவே ஒரு மொழி இருக்கிறது. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு ஆகியவை விழுந்தால் மறு உருட்டல் உண்டு என்பது எங்கள் பக்கத்து வீட்டு வழக்கம். அவை நல்ல எண்கள். இரண்டும் மூன்றும் நான்கும் சாதா எண்கள். விதியை அந்த மொழியில்தான் எழுதவேண்டியிருந்தது.

அப்படியே மறு உருட்டலையும் சேர்த்துப் பார்த்தேன், அது ஓடவில்லை. நல்ல எண்கள் 16-இல் 6 என்பதால் எட்டில் மூன்று தடவை மறுபடி உருட்டவேண்டும். ஒரு கம்பு வீச்சைத் தீர்க்கவே இரண்டு மூன்று உருட்டல் ஆயிற்று. எடுத்துவிட்டேன். இப்போது இருக்கும் விதி இது: தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் நினைத்தது நடக்கும், விலை எதுவும் இல்லை. மூன்று விழுந்தால் நடக்கும், ஆனால் உருட்டுவதற்கு முன்பே சொன்ன விலையைக் கொடுக்கவேண்டும் (அந்த விலை என்ன என்பது பின்னால் வரும்). இரண்டு விழுந்தால் நடக்காது, விலையும் போகும். நான்கு மட்டும் ஆளைப் பார்க்கும்: அது தன் தொழிலாக இருப்பவனுக்கு நான்கு மூன்றைப் போல, தொழில் தெரியாதவனுக்கு இரண்டைப் போல. கூட்டல் கழித்தல் எதுவும் இல்லை. தொழில் தெரிந்தவன் முழுதாகத் தோற்பது 16-இல் 3. தெரியாதவன் தோற்பது 16-இல் 6. கைதேர்ந்தவனுக்கும் மற்றவனுக்கும் உள்ள வேறுபாடு இப்போது கண்ணுக்குத் தெரிகிறது. அத்தைக்கு விதியை ஒரே தடவைதான் சொன்னேன்.

விதி சரியான பிறகு கட்டை சரியில்லை என்பது தெரிந்தது. நான்காம் அமர்வில் மூன்றும் நான்கும் வழக்கத்துக்கு அதிகமாக விழுவதுபோல் பட்டது. ஒரு மாலை உட்கார்ந்து ஒவ்வொரு கட்டையையும் 200 தடவை உருட்டிக் குறித்தேன். ஒன்று பரவாயில்லை. மற்றொன்றில் வெறுமை 37, ஒன்று 64, இரண்டு 39, மூன்று 60. ஒவ்வொன்றும் 50-ஐ ஒட்டி வந்திருக்கவேண்டும். கடையிலிருந்து வெர்னியர் காலிப்பர் கொண்டுவந்து அளந்தபோது காரணம் கிடைத்தது. அந்தக் கட்டையில் ஒன்றும் மூன்றும் எதிரெதிர் முகங்கள். அவற்றுக்கு இடையில் கனம் 8.2 மில்லிமீட்டர். வெறுமைக்கும் இரண்டுக்கும் இடையில் 9.1. சதுரமாக இருக்கவேண்டிய குறுக்குவெட்டு செவ்வகமாக இருந்ததால், அகலமான முகத்தில் கட்டை அமர்ந்துவிடுகிறது.

அரத்தால் 0.9 மில்லிமீட்டர் எடுக்கவேண்டும். புள்ளியிட்ட முகத்தில் கைவைத்தால் குழியின் ஆழம் குறையும்; நல்லவேளையாக ஒரு பக்கம் வெறுமை. அதை மட்டும் தேய்த்தால் போதும். கடைப் பட்டறையில் வைஸின் இரண்டு தாடைக்கும் பழைய செருப்புத் தோலை வைத்து, கட்டையைப் பிடிக்கவைத்து, பன்னிரண்டு அங்குலத் தட்டை அரத்தால் தேய்த்தேன். முதல் நாள் அவசரத்தில் கை ஒரு பக்கம் அழுந்தி, ஒரு முனை 8.2-ம் மறுமுனை 8.5-ம் ஆகிவிட்டது. பட்டறைக்காரர் பார்த்துவிட்டு, முகம் முழுக்க மார்க்கர் மையைப் பூசிவிட்டுத் தேய்க்கச் சொன்னார். மை அழியும் இடம் மேடு, அழியாத இடம் பள்ளம். இருபது இழுப்புக்கு ஒருமுறை அளந்து, இரண்டாம் நாள் மாலை இரு முனையும் 8.2-க்கு வந்தன. பிறகு 220, 400 எண் உப்புத்தாளில் தேய்த்து, நான்கு விளிம்பையும் லேசாக மழுக்கினேன். விளிம்பு கூராக இருந்தால் கட்டை உருளாமல் வழுக்கிக்கொண்டு போகிறது என்பது அப்போது கற்றது. மறுபடி 200 தடவை: 52, 47, 51, 50. வேட்டியெல்லாம் பித்தளைத் தூள்.

கட்டை ஒழுங்காயிற்று, அத்தையின் கை ஒழுங்காகவில்லை. ஐம்பது வருடம் தாயம் ஆடிய கை அது. உள்ளங்கைகளுக்கிடையில் கட்டையைத் தேய்த்து, ஒன்றை உருளவிட்டு மற்றொன்றை வழுக்கவிடுவார். வேண்டும்போது தாயம் விழும். ஏமாற்றுகிறார் என்று சொல்லமுடியாது, அது ஒரு வித்தை. ஆனால் கதைசொல்லி கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் தாயம் என்றே பதில் வந்தால் மற்ற மூவருக்கும் வேலையில்லை. சிரட்டையில் போட்டுக் குலுக்கச் சொன்னேன். 7 சென்டிமீட்டர் கட்டை சிரட்டைக்குள் குறுக்கே மாட்டிக்கொண்டது. இரும்பு அரைப்படியில் போட்டுக் குலுக்கினால் பக்கத்து வீட்டு விளக்கு எரிந்தது. கடைசியில் தீர்வு சமையலறையில் இருந்தது. சுளகைக் கவிழ்க்காமல், அதன் பின்பக்கத்தை ஒரு செங்கல் மேல் ஏற்றிச் சாய்த்துவைத்து, மேல் விளிம்பிலிருந்து கட்டையை விட்டால், மூங்கில் பின்னலின் மேடுபள்ளத்தில் இரண்டு மூன்று புரள் புரண்டு கீழே விரித்த ஜமுக்காளத்தில் வந்து நிற்கிறது. ஓசை குறைவு, வித்தைக்கு இடமில்லை, எல்லோருக்கும் தெரிகிறது. வீட்டுச் சுளகை அம்மா தரமறுத்ததால் 120 ரூபாய்க்குப் புதியது வாங்கினேன்.

இவ்வளவும் உருட்டலைப் பற்றியது. ஆட்டத்தின் உண்மையான கோளாறு வேறிடத்தில் இருந்தது.

கதைக்களமாக நான் வைத்துக்கொண்டது, வீட்டிலிருந்து வண்டியில் கொஞ்ச நேரத்தில் போய்விடக்கூடிய கீழக்குயில்குடி சமணமலையைப் பார்த்துக் கற்பனை செய்த ஒரு மலை. அடிவாரத்தில் தாமரைக் குளம், அய்யனார் கோயில். மேலே ஏறினால் பேச்சிப்பள்ளத்தில் சுனையும், பாறையில் வரிசையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர்களும், அடியில் வட்டெழுத்தும். ஆட்டத்தில் மலைக்கு வேறு பெயர் வைத்தேன், சாமியைத் தொடவில்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கு 1980-இல் வந்த துணைநூல் ஒன்று இந்திரனுக்கும் அக்கினிக்கும்கூட உயிர்ப்புள்ளி, அதாவது எவ்வளவு அடி தாங்குவார் என்ற எண், போட்டிருந்தது. அதை வேடிக்கையாகச் சொன்னபோது, ‘கருப்பனுக்கும் எண் போடுவியோ?’ என்று அத்தை கேட்ட குரலில், அந்த வடிவமைப்புக் கேள்வி அன்றே முடிந்தது. பூதத்துக்கு எண் உண்டு. காவல் தெய்வத்துக்குக் கிடையாது.

மூன்றாம் அமர்வில் மலைக்கு மூன்று வழி எழுதியிருந்தேன்: படிக்கட்டு, ஓடைவழி, ஆட்டுத்தடம். ஒவ்வொன்றுக்கும் நாலு பக்கம். எந்த வழி என்று கேட்டால் நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒரு வழிக்கும் இன்னொரு வழிக்கும் என்ன வேறுபாடு என்பது என் நோட்டில் இருந்தது, அவர்கள் காதில் இல்லை. கடைசியில் ஆசிரியை ‘இன்க்கி பின்க்கி’ போட்டு ஓடைவழியைத் தேர்ந்தார். மூன்று கதவைக் காட்டி எதையாவது திற என்பது தேர்வாகாது. அதுவும் ஒரு பகடைதான், கட்டைக்குப் பதில் வாயால் உருட்டுகிறார்கள்.

எழுதிய எட்டுப் பக்கம் வீணாயிற்றே என்ற எரிச்சலில், நான்காம் அமர்வில் குறுக்குவழி பிடித்தேன். எந்த வழியில் போனாலும் அதே பூதம், அதே பாறை, அதே புதிர். இது கதைசொல்லிகள் நடுவில் புழக்கத்தில் உள்ள பழைய தந்திரம். கண்டுபிடிக்காதவரை வேலை செய்யும். ஆட்டம் முடிந்து சுக்குமல்லிக் காப்பி குடிக்கும்போது அக்கா மகன் கேட்டான்: ‘மாமா, படிக்கட்டுல போயிருந்தாலும் இதே பூதம்தானா?’ நான் பதில் சொல்லாமல் டம்ளரை ஆற்றிக்கொண்டிருந்ததே பதிலாகிவிட்டது. அதற்குப் பிறகு சித்திரைத் திருவிழாவும் வந்து, மூன்று வாரம் யாரும் ஆட்டத்தைப் பற்றிப் பேசவில்லை.

தீர்வு கடையில், கணக்கு எழுதும்போது, வாடிக்கையாளர் ஒருவர் தன் தாத்தா காலத்து மாட்டுக் களவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததில் கிடைத்தது. மதுரைப் பக்கத்தில் மாடு களவுபோனால், அது எங்கே கட்டிக்கிடக்கிறது என்று சொல்பவருக்குத் துப்புக்கூலி கொடுத்து மீட்பது பழைய வழக்கம். தகவலுக்கு விலை. ஆட்டத்துக்கும் அதுதான் வேண்டியிருந்தது. ஐந்தாம் அமர்விலிருந்து ஆளுக்கு ஏழு புளியங்கொட்டை கொடுத்தேன். ஒரு கொட்டையைக் கொடுத்தால், முன்னால் இருக்கும் வழிகளில் ஏதாவது ஒன்றைப் பற்றி ஒரு வரி உண்மை சொல்வேன்.

இதிலும் இரண்டு தவறு. ஏழு மிக அதிகம். எல்லாவற்றையும் விலைக்கு வாங்கிவிட்டு, தெரிந்த வழியில் சுற்றுலாப் போவதுபோல் நடந்தார்கள். மூன்றாகக் குறைத்தபோதுதான் எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது என்ற பேச்சு எழுந்தது. இரண்டாவது, சுவையாக இருக்கட்டும் என்று ஆறாம் அமர்வில் ஒரு துப்பாளியைப் பொய் சொல்லவைத்தேன். கதையில் அது நல்ல திருப்பம்தான். ஆனால் அடுத்த அமர்வு முழுக்க ஒருவரும் ஒரு கொட்டைகூடக் கொடுக்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய துப்பு குறைபட்டதாக இருக்கலாம், பொய்யாக இருக்கக்கூடாது என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டிவிட்டேன்.

அதே ஏரணத்தை உருட்டலுக்கும் கொண்டுவந்தேன்: கட்டையை விடுவதற்கு முன்பே விலையைச் சொல்லிவிடுவது, கேட்டபின் பின்வாங்க விரும்பினால் பின்வாங்கலாம். முதலில் விலையைப் புளியங்கொட்டையாகவே வைத்தேன், ‘தவறினால் இரண்டு கொட்டை’ என்பதுபோல. கடை நண்பரும் நானும் கணக்கெழுதும் சாதி. அவர் உடனே, கையில் இத்தனை, இத்தனை தடவை தோற்கலாம் என்று பேரேடு போட ஆரம்பித்துவிட்டார். பயமும் இல்லை, ஆசையும் இல்லை. வரவு செலவு மட்டும் இருந்தது. எண்ணை எடுத்துவிட்டுப் பொருளை வைத்தேன். ஒரு சீட்டில் ஒரே சொல்: தீப்பந்தம், செருப்பு, நிழல், பெயர், குரல், நாயின் நம்பிக்கை, ஒரு பகல். இப்படி நாற்பது விலைச்சீட்டு. சீட்டுக்கட்டிலிருந்து இரண்டை உருவித் திறந்துவைப்பேன். உருட்டுபவர் அவற்றில் எதைப் பணயம் வைக்கிறோம் என்று தாமே சொல்லவேண்டும். செருப்பை இழப்பதா, பெயரை இழப்பதா என்ற கேள்விக்கு எந்தப் பேரேடும் உதவாது.

அச்சடிப்பதில் நூறு ரூபாய் வீணாயிற்று. 12-க்கு 18 அங்குல அட்டையில், 63-க்கு 88 மில்லிமீட்டர் அளவில் இருபது சீட்டு நெருக்கிப்பிடித்து அடங்கும். இரண்டு அட்டை, இரு பக்க அச்சு, அட்டைக்கு 50 ரூபாய். பின்பக்கத்தில் அழகுக்காகக் கோலக் கரை போட்டிருந்தேன். முன்பின் பக்கங்கள் 2 மில்லிமீட்டர் விலகி அச்சானதால், வெட்டியபின் ஒவ்வொரு சீட்டின் கரையும் ஒவ்வொரு தினுசாக இருந்தது. எட்டாம் அமர்வின் பாதியில், இடது கரை மெலிந்திருந்தால் அது ‘பெயர்’ என்று அக்கா மகன் கண்டுபிடித்து, அது மேலே வரும்போதெல்லாம் தன் முறையைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தான். மறு அச்சில் பின்பக்கத்தை முழுக்கக் கருநீலமாக விட்டுவிட்டேன். கரை இல்லை, விலகலும் தெரியாது.

இனி, ஞாயிற்றுக்கிழமை. ஊரின் மஞ்சுவிரட்டுக் காளை களவுபோயிருக்கிறது. நால்வரும் நள்ளிரவில் சுனைக்கு வந்துவிட்டார்கள். சுனைக்குள் இருப்பது காளை போன தடத்தைக் காட்டும், ஆனால் சும்மா காட்டாது. கேட்கப்போனவர் அத்தையின் பாத்திரமான கோடாங்கி. உடுக்கையடித்துக் கேட்பது அவள் தொழில், ஆகவே நான்கு விழுந்தாலும் கைகொடுக்கும். இரண்டு சீட்டு உருவினேன். ஒன்று ‘தீப்பந்தம்’. மற்றொன்று ‘குரல்’. ஏறிவரும்போதே ஆசிரியை ஒரு கொட்டை கொடுத்து வாங்கியிருந்த துப்பு எல்லோருக்கும் நினைவிருந்தது: இறங்கும்போது வெளிச்சம் இல்லாத ஆளைத்தான் அது தொடரும். பந்தம் பிடித்திருப்பவன் அக்கா மகன்.

அத்தை உடனே பதில் சொல்லவில்லை. சீட்டு இரண்டையும் விரலால் நேராக்கினார். பையனைப் பார்த்தார். ‘குரல் போனா எப்பத் திரும்பும்?’ என்று கேட்டார். கோழி கூப்பிடும்போது என்றேன். தீப்பந்தத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, குரலைச் சுளகின் அடியில் வைத்துவிட்டுக் கட்டையை விட்டார். ஒன்று வெறுமை, ஒன்றில் மூன்று புள்ளி. தடம் தெரிந்தது, குரல் போயிற்று.

அதன்பிறகு ஏறத்தாழ நாற்பது நிமிடம் அத்தை வாயைத் திறக்கவில்லை. அப்படி விதி ஏதும் இல்லை. பாத்திரத்துக்குத்தான் குரல் போனது. தண்ணீர் வேண்டும் என்பதைக்கூடச் செம்பைத் தட்டித்தான் காட்டினார். காளை தாமரைக் குளத்தின் தென்கரையில் இருக்கிறது என்பது அவருக்கு மட்டும் தெரியும். அதைக் கையால் காட்டியபோது ஆசிரியை வடகரை என்று புரிந்துகொண்டு மூவரையும் அங்கே இழுத்துக்கொண்டு போனார். அத்தை தலையில் அடித்துக்கொண்டது நடிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. வடகரையில் என்ன இருக்கிறது என்று நான் எழுதியிருக்கவே இல்லை. அங்கேயே, அப்போதே, சொல்லிக்கொண்டே போகவேண்டியிருந்தது. விடியும் காட்சி வந்ததும் அக்கா மகன்தான் கோழிபோல் கூவினான்.

செலவு மொத்தம் 939 ரூபாய்: பகடைத் தொகுதி 349, தாயக்கட்டை 180, உப்புத்தாள் 30, சுளகு 120, அச்சு இரண்டு தடவைக்கு 200, நோட்டு 60. இதில் தொகுதியும் முதல் அச்சும் சேர்ந்த 449 தேவையில்லாதது. இன்று முதலிலிருந்து தொடங்கினால் 490-இல் முடித்துவிடலாம்.

மறுபடி செய்தால் கட்டையைக் கடையிலேயே காலிப்பரால் அளந்து, குறுக்குவெட்டு சதுரமாக உள்ள ஜோடியாகப் பார்த்து எடுப்பேன். இரண்டு நாள் அரவேலை மிச்சம். ஓர் அமர்வுக்கு ஒரு பக்கத்துக்கு மேல் எழுதமாட்டேன். சீட்டு அட்டை இன்னும் கனமாக இருக்கவேண்டும். இப்போது உள்ளது ஓரம் மடங்குகிறது. ‘செருப்பு’ சீட்டை எடுத்துவிடலாம் என்று பார்க்கிறேன்: அதோடு எது சேர்ந்து வந்தாலும் எல்லோரும் செருப்பையே கொடுத்துவிடுகிறார்கள்; இதுவரை கழற்றிய செருப்புக்கு ஒரு கடை வைக்கலாம். அல்லது வெயில் காலத்துப் பாறை என்ன சுடு சுடும் என்பதைக் கதையில் இன்னும் நன்றாகச் சொல்லவேண்டும். இன்னும் தீராத ஒன்று, நல்ல எண் விழும்போது பணயம் அப்படியே திரும்பிவிடுவது. எட்டில் மூன்று தடவை தயங்கிய தயக்கத்துக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. பன்னிரண்டுக்கு மட்டும் வேறு ஏதாவது செய்யலாமா என்று அடுத்த அமர்வில் சோதித்துப் பார்க்கவேண்டும்.

அதற்கு முன் ஒரு சீட்டை மறுபடி அச்சடிக்கவேண்டும். ‘குரல்’ சீட்டை அத்தை அன்றே இடுப்புச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்; கேட்டால் தருவதாக இல்லை. சீட்டுக்கட்டில் இப்போது இருப்பது முப்பத்தொன்பது.